ஹோஃப்னர் 500/1: வயலின் பட்டறையில் பிறந்த பாஸ் கிடாரை நெடுநாள் வைத்து வாசிப்பது

1960களின் ஹோஃப்னர் 500/1 பாஸ் கிடாரைத் தூக்கிப் பார்த்ததும் தெரிவது அதன் எடைதான். இரண்டேகால் கிலோ அளவில் நிற்கும். அமெரிக்க ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் ஏறத்தாழ நான்கு கிலோ. நான்கு மணி நேரக் கச்சேரி முடிந்தும் தோள் வலிக்காது. ஆனால் சில வாரம் வாசித்தபின் புகார்கள் வரிசையாக வரும்: ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் குதிரை நகர்கிறது, சுருதி சேரவில்லை, சுவிட்ச் தலைகீழாக வேலை செய்கிறது, ஒலி சட்டென்று அடங்கிவிடுகிறது. இவற்றில் பாதிக்கு மேல் பழுதே அல்ல. வயலின் செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் ஒரு மின் பாஸ் கிடார் செய்தால் அது எப்படி இருக்குமோ, அப்படித்தான் இது இருக்கிறது. அமெரிக்க பாஸுக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்வதால்தான் பல நல்ல கருவிகள் கெட்டுப்போகின்றன.

கார்ல் ஹோஃப்னர் 1887இல் ஷோன்பாக் என்ற ஊரில் வயலின் பட்டறை தொடங்கினார். அந்த ஊர் இன்று செக் நாட்டில் லூபி என்ற பெயரில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இசைக்கருவி வேலை நடந்த ஊர் அது. மகன்கள் யோசஃபும் வால்டரும் சேர்ந்தபின் வியாபாரம் பெருகியது, 1920களில் கிடாரும் செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் பேசும் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஹோஃப்னர் குடும்பமும் ஏராளமான கைவினைஞர்களும் பவேரியாவில் எர்லாங்கன் அருகே, பூபன்ராய்ட் என்ற விவசாயக் கிராமத்தில் குடியேறி மறுபடி தொழிலைக் கட்டி எழுப்பினார்கள். ஃப்ராமுஸ் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனத்தின் கிடார்களுக்கும் வேர் அதே ஷோன்பாக்தான். கைத்திறன் தவிர வேறு சொத்து இல்லாமல் வந்தவர்களின் வேலை இது என்பதை, பழைய ஹோஃப்னர் ஒன்றின் விளிம்புப் பட்டையைக் கிட்டத்தில் பார்க்கும் எவரும் உணர்வார்கள்.

500/1 வால்டர் ஹோஃப்னரின் வடிவமைப்பு. 1955இல் உருவாகி, 1956இல் பிராங்க்ஃபர்ட் இசைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. வயலின் உருவத்தில் மின் பாஸ் அதற்கு முன்பே இருந்தது, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1953இல் ஒன்று வெளியிட்டது. அது கனமான மரக்கட்டையில் செதுக்கிய திட உடல். வால்டர் செய்ததோ உண்மையான கூடு. ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மேப்பிள் முதுகும் பக்கங்களும், உள்ளே வெற்றிடம். நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பாஸ்காரர்களைக் கவர வேண்டும் என்பதே நோக்கம். ஸ்கேல் நீளம் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. ஃபெண்டரில் இது 34 அங்குலம்.

ஐம்பதுகளில் அமெரிக்க இசைக்கருவி இறக்குமதிக்குப் பிரிட்டனில் கட்டுப்பாடு இருந்தது. அந்த இடைவெளியில்தான் லண்டன் செல்மர் நிறுவனம் ஹோஃப்னரை இறக்குமதி செய்து விற்றது. கிளப் 40, கிளப் 50, கிளப் 60, பிரசிடென்ட், கமிட்டி, வெரிதின் எல்லாம் பிரிட்டிஷ் சந்தைக்கான பெயர்கள். ஜெர்மனியில் விற்றவை எண்களால் அறியப்பட்டன. வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. எண்ணைச் சொல்லி விற்கும் ஜெர்மன் கிடாரும் பெயரைச் சொல்லி விற்கும் பிரிட்டிஷ் கிடாரும் பல சமயம் நெருங்கிய சகோதரர்கள், ஆனால் கேட்கும் விலை வேறு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தன் முதல் 500/1-ஐ வாங்கியது 1961இல், ஹாம்பர்க்கில், சுமார் 30 பவுண்டுக்கு. ஃபெண்டர் விலை கைக்கு எட்டவில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த உடல் என்பதால் இடக்கையால் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் அவர் சொன்ன காரணம்.

இனி குதிரை. வீணையிலும் வயலினிலும் நாம் குதிரை என்று சொல்லும் அதே பாகம்தான் இங்கேயும் இருக்கிறது. கருங்காலிக் கட்டை, உயரம் மாற்ற இரண்டு உருள் திருகுகள். மேலே சிறு சிறு பள்ளங்கள், அவற்றில் ஃப்ரெட் (வீணையின் மெட்டு போன்றது) கம்பித் துண்டுகள் செருகப்பட்டிருக்கும். இது உடலில் எங்கும் திருகப்படவோ ஒட்டப்படவோ இல்லை. ஸ்ட்ரிங்குகளின் அழுத்தமே இதைப் பிடித்து வைக்கிறது. ஆகவே நான்கு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்கு ஏற்றியபின் அடுத்ததைத் தொடவேண்டும். எல்லாவற்றையும் கழற்றியே தீரவேண்டிய வேலை என்றால், முதலில் குதிரையின் நான்கு மூலைகளுக்கும் நட்டிலிருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் கடக்கும் சிறு கட்டை) உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளலாம். ஒட்டும் நாடாவால் அடையாளம் வைப்பது ஆபத்து. அறுபது வருட லாக்கர் பூச்சு நாடாவோடு உரிந்து வரும்.

சுருதி சேர்க்கும் வரிசை இது. புது ஸ்ட்ரிங் போட்டு ஒரு நாள் இழுவையில் விடவேண்டும். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் தடித்த ஈ ஸ்ட்ரிங் பக்கம் 2.5 மி.மீ., மெல்லிய ஜி ஸ்ட்ரிங் பக்கம் 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உயரத்தைச் சரிசெய்யாமல் சுருதி பார்ப்பது வீண் வேலை, உயரம் மாறினால் சுருதியும் மாறும். பிறகு 12ஆம் ஃப்ரெட் மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால் குதிரையை டெயில்பீஸ் (ஸ்ட்ரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் பாகம்) பக்கம் தள்ளவேண்டும், இறங்கி நின்றால் நெக் (கழுத்து) பக்கம். ஒரு மி.மீ. நகர்த்தினால் வித்தியாசம் இரண்டு சென்ட்டுக்கு (சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) சற்று மேல். ஆகவே பெரிய தாவல் வேண்டாம். முதலில் ஜி ஸ்ட்ரிங்குக்குக் குதிரையை வைத்து, பிறகு ஈ பக்கத்தைக் கொஞ்சம் பின்னே சாய்த்து வைத்தால் பெரும்பாலும் மூன்று ஸ்ட்ரிங் ஒத்துவிடும். மிச்சத்துக்குத்தான் அந்தக் கம்பித் துண்டுகள், பின் பள்ளத்துக்கோ முன் பள்ளத்துக்கோ மாற்றிச் செருகலாம். துல்லியம் இதற்கு மேல் வராது, வரவும் தேவையில்லை. உலோகக் குதிரை வாங்கி உடலில் துளை போட்டு இறுக்கியவர்கள் மேல்பலகையின் அதிர்வையும் கருவியின் மதிப்பையும் சேர்த்தே இழந்தார்கள். ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் குதிரை நெக் பக்கம் கொஞ்சம் சாயும். மாதம் ஒரு முறை பக்கவாட்டில் பார்த்து, இரு கைக் கட்டைவிரலாலும் நிமிர்த்திவிட்டால் போதும்.

அடுத்தது ஸ்ட்ரிங். அதே தடிமன் ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு 34 அங்குலத்தில் கட்டுவதைவிட 30 அங்குலத்தில் கட்டும்போது இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைகிறது. கடுமையாகத் தட்டினால் தொடக்கச் சுரம் ஏறி ஒலிப்பதும், ஃப்ரெட்டில் உரசுவதும் இதனால்தான். கையை மென்மையாக்குவதே மருந்து. வட்டச் சுற்று ஸ்ட்ரிங் (உருண்டைக் கம்பி சுற்றியது) இந்தக் கருவிக்குப் பொருந்தாது. ஃப்ரெட்டை அரிப்பது ஒருபுறம் இருக்க, இதன் கனிந்த அடிக்குரலே போய்விடும். தட்டைக் கம்பி சுற்றிய தட்டைச் சுற்று ஸ்ட்ரிங்தான் சரி. லா பெல்லா இந்த வகை பாஸுக்கென்றே ஒரு செட் விற்கிறது, பிரமிட், தோமாஸ்டிக் தட்டைச் சுற்றுகளும் நன்றாகச் சேரும். இதில் ஒரு கண்ணி உண்டு. டெயில்பீஸ் குதிரைக்கு வெகு பின்னால் இருப்பதால், குறுகிய ஸ்கேலுக்கு என்று எழுதியிருக்கும் செட் எல்லாம் இதற்கு எட்டாது. டெயில்பீஸ் துளையிலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்து, ஸ்ட்ரிங்கின் முழுத் தடிமன் பகுதி அதைவிட நீளமாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மெலிந்து போகும் பகுதி நட்டுக்கு உள்ளே வந்தால் அந்த ஸ்ட்ரிங் எந்நாளும் சுருதி சேராது. முழுத் தடிமனையும் மெல்லிய பிரடைக் கம்பத்தில் சுற்றுவதும் தவறு, உள்கம்பி முறியும்.

நட்டை அடுத்து ஒரு ஃப்ரெட் இருக்கும், அது ஜீரோ ஃப்ரெட். ஸ்ட்ரிங்கைத் தாங்குவது அதுவே, நட்டின் வேலை வழிகாட்டுவது மட்டும். பல வருட வாசிப்பில் அதில் பள்ளம் விழும். திறந்த ஸ்ட்ரிங் இரைந்து, முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் இரைச்சல் நின்றால் காரணம் அங்கேதான். அந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் மாற்றினால் போதும். இதற்காக எல்லா ஃப்ரெட்டையும் பிடுங்கச் சொல்லும் பட்டறைக்குக் கருவியைக் கொடுக்கவே வேண்டாம்.

சுவிட்ச் பலகை எல்லாரையும் குழப்பும். இரண்டு வால்யூம் குமிழ், மூன்று வழுக்கு சுவிட்ச். ரிதம்/சோலோ என்பது மொத்த ஒலியளவைக் குறைப்பதற்கும் கூட்டுவதற்கும். 'பாஸ் ஆன்' என்ற சுவிட்சைப் போட்டால் பாஸ் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) உயிர் பெறும் என்று நினைப்போம், உண்மையில் அது குதிரைப் பக்கப் பிக்கப்பை நிறுத்துகிறது. 'ட்ரெபிள் ஆன்' நெக் பக்கப் பிக்கப்பை நிறுத்தும். இரண்டும் ஆஃப் நிலையில் இருக்கும்போதுதான் இரண்டு பிக்கப்பும் பேசும். இடையில் யாராவது வயரிங்கை மாற்றியிருக்கலாம், ஆகவே ஆம்ப்பில் சன்னமாக ஒலி வைத்து, சிறு திருப்புளியால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஒலி விட்டுவிட்டு வந்தால் பிக்கப் போய்விட்டது என்று அவசரப்படவேண்டாம். முக்கால்வாசி நேரம் சுவிட்சின் தகட்டில் படிந்த களிம்புதான் காரணம். பலகையின் சிறு திருகுகளைக் கழற்றினால் குமிழ்களும் சுவிட்சுகளும் அதோடு சேர்ந்து வெளியே வரும். உள்ளே இருக்கும் வயர் குட்டையானது, இழுக்கக் கூடாது. கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் மல்டிமீட்டரால் சுருளை அளக்கவும். எண்ணே காட்டவில்லையா, சுருள் அறுந்திருக்கிறது. மறுபடி சுற்றத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம், அசல் பிக்கப்பைத் தூக்கி எறியக் கூடாது.

கச்சேரியில் ஒலியைக் கூட்டும்போது கூடு முழுவதும் அதிர்ந்து ஊளையிடும். குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் இடையே ஸ்ட்ரிங்கின் கீழே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, ஆம்ப்புக்கு நேர் முன்னே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது, இந்த இரண்டும் பெரும்பகுதியைத் தீர்க்கும். உடல் இலேசு என்பதால் தலைப்பக்கம் கீழே சாயும், உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பட்டை போட்டால் நிற்கும். ஒலி நீளாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் டிரம்மரோடு சேர்த்து ஒரு முறை கேட்கவேண்டும். ஒவ்வொரு சுரமும் அடித்து, மலர்ந்து, அடுத்ததற்கு இடம் விட்டு விலகும்.

வாங்கும்போது நெக்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஐம்பதுகளின் கருவிகளில் நெக்கின் வளைவைத் திருகித் திருத்தும் உள்கம்பியான ட்ரஸ் ராட் கிடையாது, வளைந்திருந்தால் செலவு பெரிது. ஃப்ரெட்கள் மேல் நேர்கோல் வைத்துக் குதிரை வரை நீட்டினால் கோல் குதிரையின் மேல்விளிம்பை ஒட்டி வரவேண்டும். வெகு கீழே போனால் நெக் இணைப்பு எழும்பிவிட்டது. இணைப்பின் விளிம்பில் மெல்லிய காகிதம் நுழைகிறதா என்றும் பாருங்கள். நெக் நான்கு திருகால் பொருத்தப்பட்டிருந்தால் அது பழைய 500/1 அல்ல, நகல். ஹோஃப்னர் நெக்கை ஒட்டித்தான் இணைத்தது. சீரியல் எண்ணை மட்டும் நம்பி வருடம் சொல்ல முடியாது, பிக்கப் நல்ல சாட்சி: 1961 வரை இரண்டு பிக்கப்பும் நெக் பக்கம் நெருங்கி இருக்கும், பிறகு ஒன்று குதிரை பக்கம் போய்விட்டது. 1967 வாக்கில் நீளத் தகடு வைத்த பிக்கப் வந்தது.

மெக்கார்ட்னியின் 1961 பாஸ் 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து அது அவரிடம் திரும்பியதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பழுது பார்க்க வேண்டியிருந்தாலும் கருவி கருவியாகவே இருந்தது. மரம் அவ்வளவு தாங்கும், செல்லுலாய்டு தாங்காது. விளிம்புப் பட்டை, பிக்கார்டு (மேல்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு), பிரடையின் முத்துப்பிடி எல்லாம் செல்லுலாய்டு என்றால் அவை முதுமையில் அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கினால் பக்கத்து உலோகம் பச்சை பிடிக்கும், பட்டை நொறுங்கித் தூளாகும். வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து கருவியை வெளியே எடுத்து வையுங்கள். பிக்கார்டு புளித்த வாடை வீசத் தொடங்கினால் அன்றே கழற்றித் தனிக் காகித உறையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.