ஜங்ஷன் பழைய புக்கு கடை ரிவ்யூ: மாயாவி கட்டும் டூம்ஸ்டே சண்டையும்

நெல்லை ஜங்ஷன்ல ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்துல இருக்குற பழைய புக்கு கடைய பத்திதான் சொல்லப்போறேன். பேரு போடலை, கடைக்கு போர்டே கிடையாது, யார்ட்ட கேட்டாலும் புக்கு அண்ணாச்சி கடைன்னு கைய காட்டுவாவ. வெளிய பூரா டிஎன்பிஎஸ்சி கைடு, பாலிடெக்னிக் புக்கு, பழைய வார இதழ் கட்டுன்னு தொங்கும், அத பாத்துட்டு திரும்பிராதீய. உள்ள போனா மாடிப்படிக்குக் கீழ ஒரு இரும்பு ரேக்கு, அது முழுக்க காமிக்ஸ். மேல் ரெண்டு தட்டு முத்து, லயன்னு தமிழ் காமிக்ஸ், நடுவுல ராணி காமிக்ஸ், அடித்தட்டுல இங்கிலீஷ் மார்வெல், டிசி எல்லாம் கலந்து கெடக்கும், குனிஞ்சு உக்காந்துதான் தேடணும், மூட்டு வலி உள்ளவங்களுக்கு சிபாரிசு பண்ண மாட்டேன்.

வெலைய மொதல்ல சொல்லிருதேன். இங்கிலீஷ் புக்கெல்லாம் சல்லிசு, அண்ணாச்சிக்கு அதுல பிரியம் இல்ல, மெலிசு புக்குன்னா அம்பது நூறுக்குள்ள குடுத்துருவாரு. தமிழ்னா கதையே வேற. அட்டையில ஒத்த இலக்கத்துல வெல போட்ட பழைய முத்து காமிக்ஸுக்கு முந்நூறு நானூறுன்னு ஆரம்பிப்பாரு, வாட்ஸப் குரூப்ல ஏலம் போற வெலையெல்லாம் அவருக்கு அத்துப்படி. நீங்க புக்க பாத்த ஒடனே கண்ணு விரிஞ்சிச்சோ அம்பது ரூவா கூடிரும், மூஞ்சிய கல்லு மாரி வச்சிக்கிடுங்க. இன்னொண்ணு, காசு குடுக்க முன்னாடி ஒவ்வொரு பக்கமா புரட்டிருங்க. பின்னு துருப்பிடிச்சு நடுத்தாள் கழண்டு போயிருக்கும், நான் எடுத்த, லாரன்ஸ், டேவிட்னு ரெண்டு சிஐடி வார ஒரு கதையில கிளைமாக்ஸே இல்ல, வில்லன் யாருன்னு இன்னை வரைக்கும் தெரியாது, போயி கேட்டா "பழைய புக்குக்கு என்ன கேரண்டி தம்பி"ங்காரு. அந்த வகையில சர்வீஸ் சுமார்தான்.

ஆனா அந்தக் கடைக்கு நான் போறது புக்குக்காக மட்டும் இல்ல, அங்கன நடக்குற சண்டைக்காக. சாயங்காலம் போனா யாராச்சும் ரெண்டு பேர் ரேக்குகிட்ட நின்னு கத்திக்கிட்டு இருப்பான். அண்ணாச்சி பழைய மாயாவி வெறியர், பாளையங்கோட்டை காலேஜ் பையன் ஒருத்தன் மார்வெல் கிறுக்கன், நான் ரெண்டு பக்கமும் எண்ணெய் ஊத்துற ஆளு.

அண்ணாச்சி சொல்லுதது இதான்: இரும்புக்கை மாயாவிக்கு அப்புறம் உலகத்துல எவனும் ஹீரோ இல்ல. இது ஓவருதான், ஆனா உள்ளுக்குள்ள ஒரு நியாயம் இருக்கு. ஸ்டீல் க்ளாங்கிற பேர்ல 1962-ல இங்கிலாந்து வேலியண்ட் வார இதழ்ல வந்தவன், படம் போட்டது ஹேசுஸ் பிளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரர், நம்ம சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல தொடங்குனப்போ மொத புக்கே இவன்தான். லேப்ல நடந்த விபத்துல ஒரு கை போயி இரும்புக்கை மாட்டிக்கிட்டவன், கரண்ட் ஷாக் அடிச்சா ஒடம்பு மறைஞ்சிரும், ஆனா அந்த இரும்புக்கை மட்டும் மறையாது, கொஞ்ச நேரத்துல ஒடம்பும் திரும்ப தெரிய ஆரம்பிச்சிரும். அதான்யா விஷயம்! பிளக்கு பாயிண்ட் தேடி ஓடணும், கைய எங்கயாச்சும் ஒளிக்கணும், நேரத்த பாத்துக்கிடணும். சித்திரை மாசத்து நெல்லை கரண்ட் கட்டுல இவன கொண்டாந்து விட்டா பாதி கதையில மாட்டிக்கிடுவான். அதுவும் ஆரம்பத்துல இவன் நல்லவனே கிடையாது, சக்தி கெடச்ச ஒடனே புத்தி கெட்டுப் போனவன், பொறவுதான் நிழல் படைங்கிற உளவுப் படையில சேந்து நல்ல வேலை பாக்கான். பிந்துன கதைகள்ள வெரலுக்குள்ள துப்பாக்கி, காஸு, ரேடியோன்னு ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போனாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ருசி கொறைஞ்சிது. இத சொன்னா அண்ணாச்சிக்கு கோவம் வந்து அன்னைக்கி டிஸ்கவுண்ட் கெடையாது.

என் கட்சி இவ்வளவுதான், ஒரு கேரக்டருக்கு என்ன முடியும்ங்கிறத விட என்ன முடியாதுங்கிறதும், முடிச்சதுக்கு அவன் என்ன குடுத்தாங்கிறதும்தான் கதை. மாயாவிய அதுல வச்சு பாருங்க, ஸ்பைடர்மேன பாருங்க, வரப்போற படத்த எல்லாம் பாருங்க, எது தேறும் எது தேறாதுன்னு டிரெய்லருக்கு முன்னாடியே ஓரளவு சொல்லிரலாம்.

ரேக்குல இன்னொரு ஆளு, ஸ்பைடர். ஸ்பைடர்மேன் இல்ல, கூர் காது, கறுப்பு டிரஸ்ஸு, வலைத் துப்பாக்கி வச்சிருக்குற திமிரு புடிச்ச பிரிட்டிஷ் ஸ்பைடர், லயன் காமிக்ஸ் 1984-ல வந்த புதுசுல நம்ம பயலுவள கிறுக்குப் புடிக்க வச்சவன். குற்றவாளி மன்னனா கெளம்பி, போட்டிக்கு வார வில்லன்கள அடக்கி, கடைசியில நல்லவனாகிப் போனவன். இவனுக்கு நெறைய கதை எழுதுனது ஜெர்ரி சீகல், 1938-ல சூப்பர்மேன உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தர். அந்த காலேஜ் பையன்ட்ட இத சொன்னப்போ அவன் நம்பல, போன எடுத்து தேடிப் பாத்துட்டு பொத்துனாப்புல இருந்துட்டான். ஆனா உண்மைய சொல்லணும்னா ஸ்பைடர் கதை இன்னைக்கி படிச்சா பாதியில தூக்கம் வருது, எல்லாத்துக்கும் அவன்கிட்ட ஒரு மெஷினு ரெடியா இருக்கும், பொறவு எதுக்குலே பயப்படணும்?

டெக்ஸ் வில்லர் பக்கம் போனா அண்ணாச்சியும் நானும் ஒரே கட்சி. 1948-ல இத்தாலியில பொறந்த கௌபாய், நவஹோ மக்களுக்கு இரவுக் கழுகு. பறக்க மாட்டாரு, மறைய மாட்டாரு, கூட கார்சன்னு ஒரு கிழவர் பொலம்பிக்கிட்டே வருவாரு. லயன்ல இப்ப வார கலர் டெக்ஸ் தாளு, அச்சு ரெண்டும் அட்டகாசம். இந்தக் கடையில டெக்ஸ் தங்காது பாத்துக்கிடுங்க, வந்த அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருதாவ, அண்ணாச்சிட்ட நம்பர் குடுத்து வச்சா வந்த ஒடனே போன் பண்ணுவாரு.

சரி, படத்துக்கு வருவோம். ஸ்பைடர்மேன் பிராண்ட் நியூ டே 2026 ஜூலை 31-ன்னு தேதி அறிவிச்சாவ. 2021 படத்து முடிவுல ஊரு உலகமே பீட்டர் பார்க்கர மறந்துருது, காதலி எம்ஜே, கூட்டாளி நெட் எல்லாருக்கும் அவன் யாரோ ஒருத்தன், வாடகை ரூம்புல தையல் மெஷின வச்சு தனக்குத்தானே டிரஸ்ஸு தைக்கான். மார்வெல் படங்கள்ள எனக்கு ரொம்பப் புடிச்ச முடிவு அதுதான், ஏன்னா காப்பாத்துனதுக்கு அவன் கையில இருந்து குடுத்தான். இந்த பிராண்ட் நியூ டேங்கிற பேரு காமிக்ஸ்ல 2008-ல வந்த தொடர் பேரு, அதுக்கு முந்தி 2007-ல ஒரு கூத்து நடந்துச்சு, மே சித்தி உசுர காப்பாத்த பீட்டரும் மேரி ஜேனும் மெஃபிஸ்டோன்னு ஒரு சாத்தான்கிட்ட டீல் போடுவாவ, 1987-ல நடந்த அவங்க கல்யாணமே நடக்காத மாரி அழிஞ்சிரும். ரசிகன் எல்லாம் காறித் துப்புனான், நானும் துப்புனேன், ஏன்னா அது கதைக்குத் தேவைப்பட்டு குடுத்த விலை இல்ல, பீட்டர திரும்ப பேச்சிலராக்க எடிட்டர் மேசையில எடுத்த முடிவு. படத்துல மறதிங்கிற விஷயத்த நல்லா திருப்பி யூஸ் பண்ணிருக்காவ. என் பயம் என்னன்னா, எம்ஜேக்கு ஒரே பாட்டுல ஞாபகம் திரும்பிரக் கூடாது. பனிஷர், ஹல்க்குன்னு ஆள வேற சேத்திருக்காவ, கூட்டம் கூடுனா பீட்டரோட தனிமை எங்கன போய் நிக்கும்?

கடையில பெரிய அடிதடி அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டேங்கிற மார்வெல் படத்துக்குத்தான். 2026 டிசம்பர் 18-ன்னு சொல்லிருக்காவ, வில்லன் டாக்டர் டூமா ராபர்ட் டவுனி ஜூனியர். காலேஜ் பையன் "அண்ணே தியேட்டர் கிழியும்ணே"ங்கான். கிழியட்டும், ஸ்க்ரீன மட்டும் விட்டுட்டு. எனக்கு உறுத்துதது என்னன்னா 2019-ல இதே டவுனி நடிச்ச அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் செத்தப்போ ஊரே அழுதுச்சு, இப்ப அதே மூஞ்சிய வேற வேஷத்துல கொண்டாராவ, கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸும் வாராருன்னு டீசரு விட்டாச்சு. போனவன் எல்லாம் திரும்பி வருவான்னு தெரிஞ்ச பொறவு அடுத்த தடவ ஒருத்தன் சாகும்போது நமக்கு எப்படி கண்ணு கலங்கும்? ஒரே ஆளு பல உலகத்துல இருப்பாங்கிற இந்த மல்ட்டிவெர்ஸு செஞ்ச பெரிய கேடு இதுதான்.

ஆனா டூம் கேரக்டரு மட்டும் தங்கம். 1962-ல ஃபென்டாஸ்டிக் ஃபோர் அஞ்சாவது இதழ்ல வந்த ஆளு, லாட்வேரியான்னு ஒரு குட்டி நாட்டுக்கு ராசா. ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ் "உன் கணக்குல தப்பு இருக்கு"ன்னு சொன்னத கேக்காம மெஷின ஓட்டி மூஞ்சிய கெடுத்துக்கிட்டவன், அன்னையில இருந்து பழிய மட்டும் ரீட் மேல போடுதான். மூஞ்சியில இருந்தது ஒரு சின்னக் கீறல்தான், அத தாங்க மாட்டாமதான் முகமூடி போட்டான்னு டூம வரைஞ்ச ஜாக் கிர்பி நெனச்சாராம், எனக்கு அந்த வெர்ஷன்தான் புடிக்கும், அத்தன ஆணவம். 1989-ல ட்ரையம்ஃப் அண்ட் டார்மென்ட்னு ஒரு புக்கு, ரோஜர் ஸ்டெர்ன் எழுத்து, மைக் மிக்னோலா படம். நரகத்துல மாட்டுன தன் அம்மா ஆத்மாவ மீக்க மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச கூட்டிக்கிட்டு போவான், கடைசியில மீக்கவும் செய்வான், ஆனா அதுக்கு அவன் செய்யுத காரியத்துல பெத்த தாயே அவன வெறுத்துட்டுப் போயிருவா. வில்லனுக்கு இத விட என்ன கதை வேணும்? இந்த டூமுக்கு டவுனி நடிச்சாருன்னா நானே மொத நாள் மொத ஷோ போறேன். டோனி மூஞ்சிய வச்சு விசில் வாங்கத்தான் கூட்டியாந்தாங்கன்னா ஓடிடியில பாத்துக்கிடலாம்.

டிசியோட சூப்பர்கேர்ள் படம் 2026 ஜூன் 26-ங்கிறாவ, மில்லி ஆல்காக் நடிக்காவ. அத பத்தி கடையில எவனும் பேச மாட்டேங்கான், எனக்கு டூம்ஸ்டேய விட இதுலதான் நம்பிக்கை. டாம் கிங் எழுதி பில்கிஸ் எவ்லி வரைஞ்ச வுமன் ஆஃப் டுமாரோங்கிற காமிக்ஸ்தான் அடிப்படை. சிவப்பு சூரியன் உள்ள கிரகத்துக்குப் போனா அவளுக்கு சக்தி கிடையாது, அங்கன போயி வேணும்னே குடிச்சு மட்டையாகி கெடப்பா, அப்பன கொன்னவன பழிவாங்க ஒரு சின்னப் புள்ள வந்து நிக்கும், அங்கருந்து கதை. கூட க்ரிப்டோ நாய். 2025 சூப்பர்மேன் படத்துலயே ஹீரோ தோத்துப்போயி பனியில விழுதுல இருந்துதானே ஆரம்பிச்சாவ, அந்த டீமுக்கு இந்த விஷயம் புரிஞ்சிருக்கு. பேட்மேன் ரெண்டாவது பாகம் 2027 அக்டோபர், மொத படம் 2022-ல வந்துது, நடுவுல எனக்கு தலையே நரச்சிரும் போல.

தமிழ்ல இந்த மாரி சூப்பர்ஹீரோ படம் எப்ப வரும்னு அண்ணாச்சி கேக்காரு. மாவீரன் எனக்குப் புடிச்சிது, பயந்தாங்கொள்ளிக்கு ஒரு குரல் மட்டும் கேக்கும், சக்தி கிடையாது, அதான் சரி. முகமூடி படத்துக்கு ஆசையா போயி வாடிப்போயி வந்தேன். மலையாளத்துக்காரன் மின்னல் முரளில வில்லனுக்கு நம்ம மதுரை குரு சோமசுந்தரத்த போட்டு ஹீரோவ விட அழ வச்சான், பொறவு லோகான்னு ஒரு படம் வேற. லோகேஷ் கனகராஜ் இரும்புக்கை மாயாவின்னு ஒண்ணு எடுப்பாருன்னு வருசக்கணக்கா பேச்சாவே இருக்கு, எடுத்தா கைய மட்டும் மறைச்சிராதீயன்னு அண்ணாச்சி சார்புல கேட்டுக்கிடுதேன்.

போறவங்களுக்கு: கார கொண்டு போகாதீய, நிறுத்த எடமே கிடையாது, பைக்கே கஷ்டம். மத்தியானம் ஷட்டரு பாதி எறங்கியிருக்கும், சாப்பாட்டு நேரம், கூப்புடாதீய. ஜிபே உண்டு, ஆனா சில்லறையா நோட்டு குடுத்தா பேரம் கொஞ்சம் படியும். ராணி காமிக்ஸ்ல வந்த முகமூடி மாயாவிய, அதான் ஃபேண்டம், எடுத்துட்டு இரும்புக்கைன்னு நெனச்சிராதீய, அட்டைய பாத்து வாங்குங்க. சூப்பர்கேர்ள் புக்கெல்லாம் இங்கன கெடைக்காது, ஆன்லைன்தான். ட்ரையம்ஃப் அண்ட் டார்மென்ட் வந்தா எடுத்து வைங்கன்னு அண்ணாச்சிட்ட சொல்லி வச்சிருக்கேன், அத மட்டும் எவனும் முந்திக்கிடாதீய.