வழுக்காத பாதையில் தடுக்கிய கால்

தோட்டப் பாதைக்கு என்ன தரை போடலாம் என்று நண்பர் கேட்டார். அவருடைய தாயாருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார். எங்கள் வீட்டுப் பாதையைப் பார்த்தவர் என்பதால், "உங்களுடையதைப் போலவே போட்டுவிடட்டுமா?" என்றார். சட்டென்று சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களுடையது பிரஷ் ஃபினிஷ் கான்கிரீட், அதாவது இறுகுவதற்குள் பிரஷ்ஷால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கிய தரை. பின்வாசலிலிருந்து தோட்டத்துக் கடைசியில் இருக்கும் பெஞ்சு வரை, 1.2 மீட்டர் அகலத்தில் போட்டோம். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் பலவீனமானதும் பழைய வழவழப்பான கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டோம். சரளைக் கல்லில் கைத்தடி புதையும் என்பதால் அதை யோசிக்கவே இல்லை. பேவர் பிளாக் பார்க்க அழகுதான். ஆனால் அடியில் மண் இறங்கி ஒரு கல் தூக்கிக்கொண்டால் போதும், கால் இடறிவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மழைக்காலங்களில் ஒருமுறைகூட அப்பாவுக்கு இந்தப் பாதை வழுக்கவில்லை. சரிவு 1:20-க்குள், அதாவது இருபது அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாமல் இருப்பதால் மூச்சு வாங்காமல் போய் வருகிறார். கைத்தடி அழுத்தமாக நிற்கிறது. அதன் ரப்பர் முனை மட்டும் சீக்கிரம் தேய்கிறது. அதை மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுவேன்.

என் கோபமெல்லாம் கடைசி மூன்று மீட்டர் மேல்தான். கான்கிரீட் போட்டதும் மேலே நீர் கசிந்து மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அடங்கிய பிறகு, நடக்கும் திசைக்குக் குறுக்காக பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பொறுக்காமல் இழுத்தால் ஆழமான வரப்புகள் விழும். தாமதித்தால் கோடே பதியாது. எங்கள் வேலையில் கடைசியாகக் கொட்டிய பகுதி இறுகுவதற்குள் மாலையாகிவிட்டது. கொத்தனார் கிளம்பும் அவசரத்தில் ஈரத்திலேயே இழுத்துவிட்டார். விரலால் தடவினால் சீப்புப் பல்லைத் தடவுவது போல இருந்தது. நானோ, சொரசொரப்பு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

அப்பா வலது காலைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்து நடக்கிறார். செருப்பின் முன்நுனி ஒவ்வொரு வரப்பிலும் மாட்டியது. உடம்பு முன்னே போக, கால் பின்னே தங்கியது. இரண்டு முறை நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடித்தேன். வழுக்கக் கூடாது என்று மட்டுமே கவனித்தேன், தடுக்கக் கூடாது என்பது புத்தியில் உறைக்கவே இல்லை. டைல்ஸ் பெட்டிகளில் ஆர்9 முதல் ஆர்13 வரை எண் போட்டிருப்பார்களே, அதுவும் இதைச் சொல்லாது. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் பூட்ஸ் அணிந்த ஒருவர் எந்தச் சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்துக் கொடுக்கும் எண் அது. வெறுங்காலுக்கே தனிச் சோதனை உண்டு. இழுத்து நடக்கும் காலை எந்தப் பெட்டியிலும் நான் பார்க்கவில்லை.

போன மாதம்தான் கிரைண்டர் வைத்து அந்த வரப்புகளின் முகட்டை மட்டும் தேய்த்தோம். ஒரு நாள் வேலை, வீடெங்கும் தூசி. இப்போது செருப்பு மாட்டுவதில்லை. தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன், பிடிப்பும் குறையவில்லை. முதலாண்டிலேயே செய்திருக்கலாம் என்ற வருத்தம்தான் மிச்சம். மரநிழல் விழும் இடத்தில் பாசி பிடிப்பது தனிக் கதை. பாசி படர்ந்தால் எந்தச் சொரசொரப்பும் பயன்படாது. மழை நாட்களில் வாரம் ஒருமுறை விறைப்பான பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். பக்கவாட்டில் 1:50 சரிவு கொடுத்து நீர் தேங்காமல் செய்திருந்தால் இந்த வேலை பாதியாகியிருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் நண்பருடைய தாயாருக்கு இந்தத் தரை பொருந்தும். அவர் இரண்டு காலையும் தூக்கி வைக்கிறார். ஆனாலும் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு மீட்டருக்கு மாதிரி போட்டு, நன்றாக இறுகிய பிறகு தண்ணீர் தெளித்து, அவர் வழக்கமாக அணியும் செருப்போடு, வாக்கரைப் பிடித்தபடி, நீங்கள் பக்கத்திலேயே இருந்து நடக்க வையுங்கள் என்றேன். அவர் காலை எப்படி வைக்கிறார் என்பதைக் குனிந்து பாருங்கள் என்றும் சொன்னேன்.

நேற்று மாலையும் அப்பா அந்த மூன்று மீட்டர் தொடங்கும் இடத்தில் நின்றார். வரப்புகள் போய்விட்டன என்று அவருக்குத் தெரியும். தேய்த்த அன்றே கையால் தடவிப் பார்த்தவர் அவர். இருந்தும் கைத்தடியை இரண்டு முறை தட்டிவிட்டு, என் தோளைத் தேடினார்.