28 அடிப் பாய்மரப் படகு, 18 குதிரைத்திறன் டீசல்: இழுவை குறைந்தால் எங்கே தேடுவது?

பல வருடமாகப் பினாங்கில் ஒரு பழைய 28 அடிப் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இரண்டு சிலிண்டர் ஜப்பான் டீசல் என்ஜின், 18 குதிரைத்திறன், உச்சத்தில் 3600 ஆர்.பி.எம், அதாவது நிமிடத்துக்கு 3600 சுற்று. பாய்மரப் படகுக்கு எதற்கு என்ஜின் என்று கேட்பவர்கள் மலாக்கா நீரிணையில் காற்றே இல்லாத ஒரு பகலைக் கழித்துப் பார்க்கட்டும். லங்காவி வரை ஏறக்குறைய 60 கடல் மைல். அதில் பாதித் தூரமாவது டீசல்தான் இழுத்துப் போகும். அதனால் இந்த என்ஜினோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்ஜின் நல்ல என்ஜின். இழுவை, அதாவது படகைத் தள்ளும் சக்தி, குறைந்த ஒவ்வொரு முறையும் கோளாறு அதற்கு வெளியேதான் இருந்தது. டேங்கில், ஹோஸில், புகை போகும் வழியில், இல்லாவிட்டால் தண்ணீருக்கு அடியில். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், அதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

தேட ஆரம்பிக்கும் முன் கையில் ஒரு கணக்கு வேண்டும். அடிப்பாகம் சுத்தமாக, கடல் அமைதியாக, நீரோட்டம் இல்லாத நேரத்தில் 2800 ஆர்.பி.எம்-க்கு என் படகு ஐந்தரை நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கடல் மைல் போகும். இதைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பினாங்குக் கால்வாயில் ஓதம் எதிரே வரும்போது ஜி.பி.எஸ் காட்டும் வேகத்தைப் பார்த்து என்ஜினைத் திட்டுவதில் அர்த்தமில்லை, ஆர்.பி.எம்-தான் முதல் சாட்சி. த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் ஆர்.பி.எம் முள் 2500-ஐத் தாண்டவில்லை, ஆனால் நியூட்ரலில் சிரமமில்லாமல் ஏறுகிறது என்றால், சுமை வரும்போது எதுவோ அதைப் பிடித்து இழுக்கிறது, அல்லது அதற்குத் தேவையானது போய்ச் சேரவில்லை.

அப்புறம் புகை. கறுப்பு என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். வெள்ளை என்றால் எரியாத டீசலோ நீராவியோ. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. டீசல் பட்டினியாக இருந்தால் பெரும்பாலும் புகை அதிகமாகாது, சத்தம் மட்டும் ஏறி இறங்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கறுப்புப் புகை வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ப்ரொப்பெல்லரை. வெதுவெதுப்பான தண்ணீர், நகராமல் நிற்கும் படகு; சில வாரத்தில் கொட்டலசு (பார்னக்கிள் என்ற ஓட்டுப் பிராணி) ஒட்டிக்கொள்ளும். இறக்கை முழுக்க மூட வேண்டும் என்றில்லை, மேற்பரப்பு சொரசொரப்பானாலே போதும். முகமூடி போட்டுக் குதித்து, பெயின்ட் சுரண்டும் தகட்டால் கால் மணி நேரம் சுரண்டினால் இருநூறு முந்நூறு ஆர்.பி.எம் திரும்பி வரும். கையுறை கட்டாயம், கொட்டலசு பிளேடு மாதிரி அறுக்கும்.

டீசல் விஷயம் இதைவிடக் குழப்பமானது. கிளம்பும்போது எல்லாம் சரியாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஆர்.பி.எம் தானாக இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். எனக்கு இது ஃபில்டர் அடைப்பு என்றே பட்டது. புது ஃபில்டர் போட்டும் போகவில்லை. மெரினாவில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக் வந்து, “என்ஜினை விடு தம்பி, மேலே போய் டேங்க் மூடியைத் திற” என்றார். திறந்ததும் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம். கீழே ஆர்.பி.எம் அப்படியே நிமிர்ந்தது. டேங்குக்குக் காற்று போகும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, உள்ளே காய்ந்த சிலந்திகளோடு. “எப்படிண்ணே தெரிஞ்சது?” என்றேன். “ஃபுல் டேங்க் அடிச்சதும்தானே இந்தத் தொல்லை வந்துச்சு?” என்றார். யோசித்தால் சரிதான். டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு. ஒரு லிட்டர் இழுத்தாலே உள்ளே வெற்றிடம் பலமாகிவிடும். பாதி காலியான டேங்கில் அதே அடைப்பு தெரிய மணிக்கணக்காகும்.

அன்றைக்கு வாங்கியதுதான் வேக்குவம் கேஜ், டீசல் குழாயில் வெற்றிடம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர். முதல் ஃபில்டருக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவே மாட்டியிருக்கிறேன். படகில் நான் செலவழித்த பணத்தில் இதைவிட உபயோகமானது வேறில்லை. முள் ஏறினால் டேங்க் பக்கம் அடைப்பு. மூடியைத் திறந்ததும் முள் இறங்கினால் காற்றுக்குழாய். இறங்காவிட்டால் ஃபில்டர் அல்லது டேங்குக்குள் இறங்கும் குழாய். முள் ஏறவே இல்லை, ஆனால் என்ஜின் தடுமாறுகிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது என்ஜின் மேலேயே இருக்கும் இரண்டாவது ஃபில்டரில் சிக்கல்.

டேங்கில் வளரும் பூஞ்சையையும் சொல்ல வேண்டும். டீசலுக்கு அடியில் தேங்கும் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் அது வளரும். கறுப்பாக, வழவழவென்று, கையில் எடுத்தால் நூலாக நீளும். இங்கே டீசலிலேயே பயோடீசல் கலந்து வருகிறது: மலேசியாவில் 2019 முதல் பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் பத்து சதவீதம் கலந்த பி10, லங்காவியில் 2020 முதல் இருபது சதவீதம் கலந்த பி20. கார்களுக்கு இது பெரிய விஷயமில்லை, வாராவாரம் டேங்க் காலியாகிறது. மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு அப்படி இல்லை: பயோடீசல் ஈரத்தை அதிகம் உறிஞ்சும், டேங்க் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த கசடையும் கிளப்பிவிடும். அமைதியான கடலில் தெரியாது; அலை குலுக்கும்போதுதான், அதாவது என்ஜின் மிகவும் தேவைப்படும்போதுதான், ஃபில்டரை அடைக்கும். பூஞ்சைக்கொல்லி ஊற்றுகிறேன். ஆனால் செத்த பூஞ்சையும் ஃபில்டரில்தான் வந்து நிற்கும் என்பதால், முதல் தடவை ஊற்றும்போது கூடுதல் ஃபில்டர்கள் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் அடியிலிருந்து தண்ணீரை வடிக்கும் வேலைக்கு மாற்று கிடையாது.

நான் கடைசியாகப் போன இடம் எக்ஸாஸ்ட் எல்போ. என்ஜினிலிருந்து வரும் சூடான புகையும் குளிர்விக்கும் கடல் தண்ணீரும் கலக்கும் வளைந்த இரும்புத் துண்டு அது. படகை எனக்கு விற்றவர் நங்கூரம் போட்டுவிட்டு, பேட்டரி சார்ஜ் ஆவதற்காக என்ஜினை ஐடிலில் ஓட்டியே காலம் தள்ளியவர். சுமையில்லாமல் ஓடும் டீசல் சூடேறாது, கரியைக் கக்கும். அந்தக் கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே சுவராகக் கட்டிக்கொள்ளும். ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால்தான் பிடிபடுவதில்லை. பருவத்துக்குப் பருவம் நூறு ஆர்.பி.எம் குறையும், படகின் பின்பக்கத்தில் கரி படியும், புகையோடு துப்பும் தண்ணீர் கொஞ்சம் மெலியும். ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு விரல் போக வேண்டிய வழியில் சுண்டுவிரல் நுழையவில்லை. பழையதைக் கொத்திச் சுத்தம் செய்யலாம்தான். என்னுடையது வெளிப்பக்கம் துருவேறி மெலிந்திருந்ததால் ஸ்டெயின்லெஸ் எல்போ வாங்கிப் போட்டேன். அன்று மாலையே முள் 3400-ஐத் தொட்டது. இப்போது சார்ஜுக்கு சோலார் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் கடைசி கால் மணி நேரமாவது என்ஜினை நன்றாக முறுக்கி ஓட்டுவேன்.

இதற்கு நடுவே இன்ஜெக்டர்களைக் கடையில் கொடுத்துச் சர்வீஸ் செய்ததில் தம்படி அளவுக்கும் மாற்றமில்லை. வால்வு இடைவெளியை 0.2 மில்லிமீட்டருக்குச் சரிசெய்ததில் ஸ்டார்ட் கொஞ்சம் லேசானது, அவ்வளவே. ஃபில்டர் மாற்றியபின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது மட்டும் இன்னும் எரிச்சலான வேலை: ஃபில்டர் மேல் திருகு, பிறகு பம்ப் மேல் திருகு, கடைசியில் 17 ஸ்பேனரால் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை. அந்த நட்டு இருப்பதோ கை போகாத மூலையில். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது அந்தப் பக்கப் பலகையில் ஒரு திறப்பு வெட்டப் போகிறேன்.