ப்ரொபோசல் எழுத உதவும் ஆபீஸ் ஆள்: பயிற்சிக்கு எந்த வழி? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பல கல்லூரிகளில் இப்போது ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒரு அறை இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் காட்ட வேண்டுமே. உள்ளே ஒரு கண்காணிப்பாளரோ உதவியாளரோ, ஒரு கம்ப்யூட்டர், பழைய யு.சி. (நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) கோப்புகள். ஆராய்ச்சி நிதி கேட்டுப் பேராசிரியர் ப்ரொபோசல் எழுதினால் இவர் வேலை பெரும்பாலும் முதல்வரிடம் கையெழுத்து வாங்கித் தருவதோடு முடிந்துவிடும். அதே ஆள் ப்ரொபோசலைப் படித்து, ஓட்டையைக் காட்டி, பட்ஜெட்டைச் சரிபார்த்துத் தருகிறவராக மாற வேண்டுமானால் எப்படிப் பழக்குவது? நிர்வாகங்கள் யோசிக்கிற வழிகள் நான்கு: வெளி ஏஜென்சி, ஆன்லைன் சான்றிதழ், வெளியூர்ப் பயிலரங்கு, அனுபவம் உள்ள ஒருவரோடு உட்கார்ந்து பழகுவது.

ஏஜென்சியை முதலிலேயே தள்ளிவிடலாம். காசு கொடுத்தால் அழகாக எழுதித் தருவார்கள். ஆனால் நிபுணர் குழு முன்னால் நின்று பதில் சொல்லப்போவது பி.ஐ., அதாவது ஆய்வை நடத்தும் பேராசிரியர் மட்டும்தான். ‘இந்த மாதிரி அளவு போதுமா?’ என்று கேட்டால், எழுதிக் கொடுத்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். கல்லூரியிலும் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் திரும்பவும் காசு.

ஆன்லைன் சான்றிதழைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இது பழைய தொழில். ஆராய்ச்சி நிர்வாகிகளுக்கான என்.சி.யு.ஆர்.ஏ. அமைப்பு 1959-லேயே தொடங்கிவிட்டது. சி.ஆர்.ஏ. என்று தேர்வெழுதி வாங்கும் சான்றிதழும் அங்கே உண்டு. நிதி கிடைப்பதற்கு முந்தைய வேலை ஒன்று, கிடைத்ததற்குப் பிந்தைய வேலை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் கற்க வேண்டியது அந்தப் பிரிவினையைத்தான். நம் ஊரில் பிந்தைய வேலைக்கு மட்டும்தான் ஆள் இருக்கிறார். முந்தைய வேலையை ராத்திரி பதினொரு மணிக்குப் பேராசிரியரே தனியாகச் செய்கிறார்.

அந்தப் பாடங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசின் விதிகள். நம் உதவியாளருக்குத் தெரிய வேண்டியது வேறு. 2023 ஜூனில் டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையை 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தியது, காரைக்குடிக்குச் சென்னை விகிதத்தில் வீட்டு வாடகைப்படி போட முடியாது, யு.சி. என்றால் ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவம். இதையெல்லாம் எந்த அமெரிக்கப் பாடமும் சொல்லித் தராது. விடுப்பு வேண்டாம், பஸ் செலவு இல்லை என்பது இதன் வசதி. ஆங்கில வீடியோவை மணிக்கணக்கில் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

வெளியூர்ப் பயிலரங்குக்கு மரியாதை அதிகம். ஆராய்ச்சி நிர்வாகமும் ஒரு தொழில், அதற்கும் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு இந்தியாவில் வலுத்ததில் உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸுக்குப் பங்கு உண்டு. ஐ.ஆர்.எம்.ஐ. என்ற முயற்சியை அது 2018-இல் தொடங்கியது. பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை போய் இரண்டு மூன்று நாள் பயிலரங்கில் உட்கார்ந்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. இதே வேலையைச் செய்யும் வேறு ஊர்க்காரர்களின் போன் நம்பர் கிடைக்கும். கடைசி நாளில் போர்ட்டல் அடம்பிடிக்கும்போது அந்த நம்பர்தான் உதவும்.

சிக்கல் அனுப்புகிற இடத்திலேயே ஆரம்பிக்கிறது. அழைப்பு வந்தால் போவது யார்? பேராசிரியர். ஆபீஸ் உதவியாளருக்குப் பயணப்படி கொடுத்து அனுப்பக் கல்லூரிகளுக்கு மனசு வராது. தப்பித்தவறிப் போனாலும் அங்கே நடப்பது ஆசிரியர்களுக்கான பாடம்: சுருக்கம் எப்படி எழுதுவது, தலைப்பு எப்படி வைப்பது. இவர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். கையில் நடப்பு ப்ரொபோசல் எதுவும் இல்லாததால் ஒரு மாதத்தில் அது கோப்புக்குள் போய்விடும்.

நான்காவது வழிக்கு இந்த மண்ணில் முன்மாதிரி உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாள் ஆகி, பிறகுதான் மேலாள் ஆவார். வகுப்பு கிடையாது. பேரேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே தொழில் பிடிபடும். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நம் ஆராய்ச்சி ப்ராஜெக்டுகளும் பெரும்பாலும் மூன்று வருஷம்தான்.

பக்கத்தில் உட்கார வைக்க ஆளுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. இத்தனை வருஷத்தில் அங்கே ஓய்வுபெற்றவர்களில் பலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ப்ரொபோசல் எழுதியவர்களும் உண்டு, பிறர் எழுதியதை மதிப்பிட்டவர்களும் உண்டு. மாதம் நாலு நாள் வரச் சொல்லி ஒரு மதிப்பூதியம் கொடுத்தால் போதும்.

உட்கார்ந்து என்ன செய்வது? முதலில், நிராகரிக்கப்பட்ட பழைய ப்ரொபோசல்களையும் அவற்றுக்கு வந்த கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்தக் கல்லூரியிலும் இலவசமாகக் கிடைக்கும் பாடப்புத்தகம் இது. கேட்டால் பேராசிரியர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு தருவார்கள். அப்புறம் நடப்பு விண்ணப்பம் ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும்.

கற்பனையாக ஒன்று: வணிகவியல் பேராசிரியர் ஒருவர், சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்குக் ‘கண்டாங்கி நெசவாளர்களின் வாழ்வாதாரத்தை ஆராய்ந்து மேம்படுத்துதல்’ என்று நோக்கம் எழுதுகிறார். பழகிய உதவியாளர் கேட்பார்: “சார், ஆராயலாம். மேம்படுத்துறது யாரு? அதுக்குப் பட்ஜெட் இல்லையே.” அடுத்து, எத்தனை தறி, பட்டியல் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்குமா, கள ஆய்வாளருக்குப் பயணச் செலவு ஏன் பூஜ்யம் என்று கேட்பார். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பின் நெசவாளர் கூலி மாறியதா என்று நோக்கத்தைச் சுருக்கினால் அது ஆராயக்கூடிய கேள்வி. இதைக் கேட்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. பத்து ப்ரொபோசல் படித்த கண் போதும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரியவர் சிக்ரிக்காரர் என்றால் மின்வேதியியல் ப்ரொபோசல் அத்துப்படி, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். படிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அவர் காலத்து நடைமுறை இப்போது இல்லை. ஆராய்ச்சிக்கு நிதி தந்த மத்திய அமைப்பான செர்ப் போய், அதன் இடத்தில் ஏ.என்.ஆர்.எஃப். வந்துவிட்டது. அதற்கான சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. திட்டங்களின் பெயர், வயது வரம்பு, படிவம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவருக்கும் சேர்த்து யாராவது புதுசைச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய குறை அந்தஸ்து. டீன் எழுதியதில் உதவியாளர் சிவப்பு மையால் கோடு போட முடியுமா? நம் அலுவலகங்களில் முடியாது. அங்கேதான் நான் குறை சொன்ன பயிலரங்குக்கு வேலை இருக்கிறது. சான்றிதழ் வாங்கி வந்தவர் சொன்னால் “சரி, அங்க சொல்லிக்கொடுத்திருப்பாங்க” என்று கேட்டுக்கொள்வார்கள். திறமை பக்கத்தில் உட்கார்வதால் வருகிறது, அதிகாரம் பயிலரங்குத் தாளில் வருகிறது.

யாரைப் பழக்குவது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. பி.எச்டி. முடித்தவரை ஒப்பந்தத்தில் எடுத்தால் ஆராய்ச்சி மொழி தெரியும். உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்த அன்றே கிளம்பிவிடுவார். ஆபீஸ் ஆளுக்கு விதிகள் தெரியும், நிலைத்து இருப்பார். ஆனால் பல்கலைக்கழகத்தில் என்றால் அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். உதவிபெறும் சிறிய கல்லூரியில் அந்தப் பயம் குறைவு. அதனால் அங்கே நான் ஆபீஸ் ஆளையே தேர்ந்தெடுப்பேன், முக்கியமாக யு.சி. போட்டுப் பழகியவரை. பணம் எங்கே மாட்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே என் வரிசை இது. ஆறு மாதம் பெரியவரோடு, குறைந்தது ஒரு முழு விண்ணப்பம் போய்ச் சேரும் வரை. அதன் பிறகு பயிலரங்கு. கையில் கேள்விகளோடு போவதால் பின்வரிசையில் தூங்க மாட்டார். ஆன்லைன் பாடம் விருப்பம் இருந்தால். தனியாக மதிப்பூதியம் கொடுக்க முடியாத கல்லூரிகள், காரைக்குடியும் தேவகோட்டையும் திருப்பத்தூருமாக மூன்று நாலு சேர்ந்து ஒரு பெரியவரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே திட்டத்துக்கு இரண்டு கல்லூரிகள் போட்டியிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.