பாலிஷுக்குக் கொடுத்த ரங்கூன் பீரோ: கதவுகளை மாற்றி அனுப்பிவிட்டார்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் பழைய மரச்சாமான்களைப் பாலிஷ் போடக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் உம்மம்மாவின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், பீரோ பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, அதன் கதவுகளும் நிலைக்கண்ணாடியும் பூட்டும் எங்களுடையவை அல்ல.

அது ரங்கூனில் செய்த பீரோ. உம்மம்மாவின் வாப்பா அங்கே வியாபாரம் செய்தவர். பர்மாத் தேக்கில் செய்யச் சொல்லி, பாகம் பாகமாகக் கழற்றிக் கப்பலில் அனுப்பிவைத்தார். 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது கடையும் சரக்கும் போயின. அவர் உடுத்திய துணியோடு கீழக்கரை வந்து சேர்ந்தார். அத்தனை ஆண்டுச் சம்பாத்தியத்தில் எஞ்சியது, முன்பே வந்து எங்கள் தோப்பு வீட்டில் நின்றிருந்த இந்தப் பீரோ ஒன்றுதான். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் வழக்கம். வீட்டோடு பீரோவும் உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கு வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு பாம்பனிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தோப்பு வீட்டில்தான் தங்கினார்கள். அவர்கள் மடியில் கட்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்த நகையையும் பத்திரத்தையும் உம்மம்மா இதில் வைத்துப் பூட்டிச் சாவியை அவர்களிடமே கொடுத்தார் என்று உம்மா சொல்வார்.

பாலிஷ் மங்கிப்போனதால், பழைய மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். "வீட்டில் வைத்துச் செய்தால் கடல் காற்றின் ஈரத்தில் பாலிஷ் வெளுத்துவிடும் அம்மா, பட்டறையில்தான் செய்ய வேண்டும்" என்றார். ஈரக் காற்றில் அரக்குப் பாலிஷ் வெளுப்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து நல்ல வெயில் வந்ததும் வீட்டுத் திண்ணையிலேயே அதைச் செய்யலாம். கூலி 18,000 ரூபாய் என்று பேசி, 10,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, "பழைய பீரோ பாலிஷ் 1" என்று மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெருநாளுக்கு முன்பு பீரோ பளபளவென்று திரும்பி வந்தது. உம்மா சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தார், நுழையவில்லை. கேட்டதற்குப் பட்டறைக்காரர், "பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது, புதிது போட்டேன்" என்றார். அது பித்தளைப் பூட்டு. பித்தளையில் களிம்பு ஏறும், துரு எங்கிருந்து வரும்?

அதன் பிறகுதான் தெருவிலிருக்கும் ஆசாரியை அழைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கழற்றி மாட்டும் பீரோக்களில் எந்தப் பாகம் எங்கே சேரும் என்று தெரிவதற்காகத் தச்சர்கள் உளியால் கோடு வெட்டிவைப்பார்கள். எங்கள் பீரோவின் இடது நிலையில் ஒரு கோடு, வலது நிலையில் இரண்டு கோடுகள். கதவுகளின் கீல் ஓரத்திலும் அதேபோல ஒன்றும் இரண்டும் இருக்க வேண்டும். வந்த கதவுகளில் ஒரு கோடும் இல்லை. கீல்களில் நட்சத்திரத் தலை இரும்புத் திருகுகள். பழைய பித்தளைத் திருகுகளின் தலையில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். அந்த இரும்புத் திருகுகளைச் சுற்றி உப்புக் காற்றில் அதற்குள் பழுப்புக் கறை இறங்கியிருந்தது.

கண்ணாடியை ஆசாரி நாணயத்தால் சோதித்தார். நாணயத்தின் விளிம்பைக் கண்ணாடியில் வைத்தால் அதற்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணாடியின் கனத்தைக் காட்டும். எங்களுடையது ஓரம் சாய்வாகச் செதுக்கிய கனமான பழைய கண்ணாடி, விளிம்பில் ரசம் போய்க் கரும்புள்ளி விழுந்தது. வந்த கண்ணாடியில் இடைவெளி மெல்லிய நூலளவுதான் இருந்தது. கதவுகளுக்கு அடியில் தரையில் மஞ்சள் பொடி கொட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் மாவுபோல விரலில் ஒட்டியது, உளுத்தூள். வைரம் பாய்ந்த தேக்கில் இப்படி உளு விழாது. தூங்குமூஞ்சி மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஆசாரி சொன்னார்.

பட்டறைக்காரர் முதலில் அவை பழைய கதவுகள்தான் என்று சாதித்தார். ராத்தாவின் (அக்காவின்) கல்யாணப் படத்தில் பின்னால் பீரோ தெளிவாக விழுந்திருக்கிறது. அதைக் காட்டியதும், "உளுத்துப்போயிருந்தன, அடுப்பில் எரித்துவிட்டேன்" என்று பேச்சை மாற்றினார். அப்படியானால் கண்ணாடியையும் பித்தளைப் பூட்டையும் எந்த அடுப்பில் எரித்தார்? கொடிவேலைப்பாடுள்ள பழைய தேக்குக் கதவுக்கு ஓட்டல்களிலும் சொகுசு விடுதிகளிலும் நல்ல விலை இருக்கிறது. பீரோவின் கூட்டைத் தூக்கிச் செல்வது கடினம், கதவுகளைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றிவிடலாம். காலமெல்லாம் உழைத்தவர் மிச்சம் வைத்துப் போன ஒரே பொருளை இப்படிப் பிய்த்து விற்றிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்தால் கூடியவரை வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் கதவின் உள்பக்கம், கீல், பூட்டு, கண்ணாடி ஓரம், உளிக்குறி எல்லாவற்றையும் படமெடுங்கள். மர வகை, கண்ணாடி, பூட்டு, சாவி என்று தனித்தனியாகச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பழைய சாவியைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றத் தண்டனைச் சட்டத்தின் 316-ஆம் பிரிவில் வரும் குற்றம். நாங்கள் போலீசிலும் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

கதவுகளின் அடையாளம்: தேக்கு, திராட்சைக் கொடிச் செதுக்கல், இடது கதவின் மேல் மூலையில் ஓர் இலை உடைந்திருக்கும், கீல் ஓரத்தில் ஒன்றில் ஒரு கோடும் மற்றதில் இரண்டு கோடுகளும் இருக்கும். எந்தக் கடையிலாவது, விடுதிச் சுவரிலாவது பார்த்தால் வாங்கிவிடாதீர்கள். படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.