மூன்று கச்சேரிகள்: மேடையில் பாடியதும் காதில் விழுந்ததும்

சென்ற நவம்பரில் தொடங்கி நான்கு மாதங்களுக்குள் சிங்கப்பூரில் மூன்று இசை நிகழ்ச்சிகளை நேரில் கேட்டேன். முதலாவது, எஸ்பிளனேட் கலைமையத்தின் சிற்றரங்கில், கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழாவையொட்டி நடந்த கர்நாடக வாய்ப்பாட்டுக் கச்சேரி. இரண்டாவது, பல ஆயிரம் பேர் திரண்ட திரையிசை நிகழ்ச்சி. மூன்றாவது, இங்கேயே பிறந்து இங்கேயே சங்கீதம் பயின்ற இளைஞர்கள் சிறிய கூடமொன்றில் நடத்திய கச்சேரி. மூன்றிலும் கலைஞர்கள் தங்கள் பங்கில் குறைவைக்கவில்லை. அவர்கள் பாடியதும் வாசித்ததும் நாற்காலியில் இருந்தவரிடம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதில்தான் மூன்றும் வேறுபட்டன. அதனால் இந்த மதிப்புரையில் பாடல் தேர்வைவிட ஒலியைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். இனி நுழைவுச்சீட்டு வாங்கப் போகிறவர்களுக்கு அதுவே கூடுதலாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எஸ்பிளனேட் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலிருந்தே நவம்பர் வந்தால் கலா உற்சவம் என்பது இங்குள்ள ரசிகர்களுக்குப் பழகிவிட்டது. டுரியான் தோலைப் போன்ற அந்தக் கூரைகளின் கீழ் உள்ள பெரிய இசையரங்கில் சுமார் 1,600 பேர் அமரலாம். நான் சென்ற ரெசைட்டல் ஸ்டூடியோவில் 245 இருக்கைகளே உள்ளன. பெரிய வித்வானைப் பெரிய அரங்கில்தான் கேட்கவேண்டும் என்று எண்ணிச் சிற்றரங்க நிகழ்ச்சிகளைத் தவிர்ப்பவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. இந்தக் கச்சேரியை அவர்கள் கேட்டிருந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அன்று மாலை நல்ல மழை. வெளியே ஈரக்காற்று, உள்ளே குளிரூட்டியின் வறண்ட காற்று. மிருதங்கத்தின் தோலுக்கு இந்த மாற்றம் எளிதில் ஒத்துப்போவதில்லை. ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும், குளிர்ந்த வறண்ட காற்றில் இறுகி ஏறும். திரை விலகிய பிறகு மிருதங்க வித்வான் அவசரப்படாமல் கட்டையையும் கல்லையும் எடுத்து வார்ப்பின்னலைச் சுற்றிலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டார். பின்னால் உண்மையான தம்புரா மீட்டப்பட்டது. மின்னணுச் சுருதிப்பெட்டியிலோ கைப்பேசிச் செயலியிலோ கிடைக்காத அடர்த்தி அதன் நாதத்தில் இருந்ததால், அந்தச் சில நிமிடக் காத்திருப்பே கச்சேரியின் முதல் உருப்படி போல இருந்தது.

மேடையில் மைக்குகள் இருந்தன. ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து வந்த ஒலி, மேடையிலிருந்து இயல்பாக வந்த ஒலிக்குக் கைகொடுத்ததே தவிர அதை மூடவில்லை. நான் நான்காம் வரிசையில் நடுவில் அமர்ந்திருந்தேன். பாடகர் மூச்சு வாங்குவதும், வயலின் வில் தந்தியில் திசை மாறுவதும், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் பட்டு எழும் மீட்டும் தனித்தனியே கேட்டன. பிரதான ராகமாகத் தோடி எடுத்துக்கொண்டார். தோடியின் காந்தாரம் நிலையாக நிற்கும் ஸ்வரமன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே தன்னைக் காட்டிக்கொள்வது. ஒலி மிகுந்த அரங்கில் அந்த அசைவு வெறும் நடுக்கமாகத்தான் காதில் விழும். இங்கே அசைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு மேலே சென்று திரும்புகிறது, எந்த இடத்தில் அவர் அதை வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நீண்ட அந்த ஆலாபனையில், கீழ் பஞ்சமத்துக்கு இறங்கி அவர் குரலை மிகவும் தணித்து நின்ற இடத்தில், அரங்கமே முன்னே சாய்ந்து கேட்டதை நான் பார்த்தேன்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போவது எல்லா ஊர் ரசிகர்களிடமும் காணும் பழக்கம். அது எனக்கு எப்போதும் வருத்தமளிப்பது. அன்று ஒருவரும் எழவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான இடந்தலையில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் குமுக்கி, பெரும்பாலான அரங்குகளில் காதுக்கு எட்டாமலே போய்விடும்; எட்டினாலும் வெறும் அதிர்வாகத்தான் வரும். இங்கே அந்த நாதம் உருண்டு எழுந்து அடங்குவது முழுமையாகக் கேட்டதால், மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்தபோது இரண்டின் உரையாடலும் புரிந்தது. கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டு முடிந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுந்தபோது எழுந்த கைத்தட்டல், தாளம் போட்டுக்கொண்டே பின்தொடர்ந்தவர்களின் கைத்தட்டல். 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுச்சீட்டுக்கு இதைவிட அதிகம் கேட்க எனக்கு மனமில்லை.

அதே கட்டடத்தின் பெரிய இசையரங்கைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஒலியியல் வல்லுநர் ரஸ்ஸல் ஜான்சனின் ஆலோசனையில் அமைந்த அந்த அரங்கைச் சுற்றிலும் ஒலி தங்கி எதிரொலிப்பதற்கென்றே அறைகள் உள்ளன. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானமும் உண்டு. மைக் இல்லாமல் வாசிக்கும் மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு ஒலி சற்று நீண்டு நிற்பது அழகு. மிருதங்கத்தில் மிக விரைவாக விழும் மூன்றாம் காலச் சொற்களுக்கோ அந்த நீட்சி ஆகாது; ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடும். அதனால்தான் இத்தகைய நிகழ்ச்சிகளில் அந்த அறைகளின் கதவுகளை மூடி, ஒலியை உள்வாங்கும் திரைகளை இறக்கி, அரங்கின் இயல்பையே மாற்றிவிட முடியும்படி அமைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டறிந்தபோது எனக்கு இன்னோர் ஆசையும் எழுந்தது. 1905இல் எழுந்து, நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட விக்டோரியா இசையரங்கில் 673 இருக்கைகளே உள்ளன. அங்கே ஒரு முறையாவது வீணையை மைக் இல்லாமல் கேட்கவேண்டும். முயன்று பார்க்கும் அமைப்பாளர் எவரேனும் முன்வந்தால் முதல் சீட்டை நான் வாங்கிக்கொள்வேன்.

இனித் திரையிசை நிகழ்ச்சி. பெரிய அரங்கு, கூரை மிக உயரம், சுவர்கள் வெறுமை. நான் கொடுத்தது 168 வெள்ளி. இருக்கை இடப்பக்க மேல் தளத்தில், மேடையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் இருந்தது. அறிவித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினார்கள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. மேடையில் நிஜமான வயலின் குழுவும், புல்லாங்குழலும், கோரஸ் பாட இருபதுக்கும் மேற்பட்டவர்களும் இருந்ததைப் பார்த்ததும் காத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. பதிவுசெய்த தடத்தை ஓடவிட்டு அதன்மேல் பாடுகிற நிகழ்ச்சிகள் பெருகிவிட்ட காலத்தில், இத்தனை வாத்தியக்காரர்களைக் கடல் கடந்து அழைத்துவருவது பெரும் பொருட்செலவு. அதற்காக அமைப்பாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது. அத்தனை பேரை அழைத்துவந்தும் எங்கள் பகுதிக்கு வந்து சேர்ந்தவை மின்-பேஸும் டிரம்ஸும் மட்டுமே. எல்லாருக்கும் மனப்பாடமான புல்லாங்குழல் முன்னிசை ஒன்று வந்தபோது, திரையில் வாசிப்பவரின் விரல்கள் அசைவதைப் பார்த்து நாங்கள் மனத்துக்குள் அதைக் கேட்டுக்கொண்டோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், மேடையில் எழுந்தது 60 மீட்டர் தொலைவுக்கு வர நொடியில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். இதை ஈடுசெய்யத்தான் பெரிய அரங்குகளின் நடுப்பகுதியில் கூடுதல் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டு, அவற்றிலிருந்து வரும் ஒலியை அளந்து தாமதப்படுத்துவார்கள். அந்த அளவு பிசகினால் ஒரே சொல் இருமுறை கேட்கும். அன்று எங்களுக்கு அப்படித்தான் கேட்டது. போதாததற்குப் பின்சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் சேர்ந்துகொண்டதால், தாளம் போட்ட கூட்டம் மேல் தளத்தில் ஒரு கணக்கிலும் கீழ்த் தளத்தில் வேறு கணக்கிலும் தட்டிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து கோப்பிக் கடையில் தே தாரிக்குடன் உட்கார்ந்தபோது நண்பர்களின் கருத்துகள் பலவாறாக இருந்தன. நான் கொடுத்ததைப்போல இரு மடங்கு கொடுத்து முன்வரிசையில் இருந்தவர், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது என்றும் பாடல் வரிகள் பாதி விளங்கவில்லை என்றும் சொன்னார். எனக்கும் மேலே, கடைசி வரிசைகளில் இருந்த தோழியோ தன் வாழ்நாளில் மறக்க முடியாத மாலை இது என்றார். பள்ளி நாள்களில் வானொலியில் கேட்டுத் தாயாருடன் சேர்ந்து பாடிய பாட்டை ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து பாடியபோது அழுதுவிட்டதாகச் சொன்னார். அவருடைய கண்ணீரை நான் முழுமையாக மதிக்கிறேன். கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சிக்குச் செல்லலாம். அந்த மகிழ்ச்சி வீட்டில் எவ்வளவு நல்ல ஒலிக்கருவி இருந்தாலும் கிடைப்பதன்று. ஆனால் அவருக்கும் அந்தப் புல்லாங்குழலைக் கேட்கும் உரிமை இருந்தது என்பதே என் வாதம்.

அரங்கின் கட்டுமானத்தை மட்டும் குறைசொல்லவும் முடியாது. இரண்டாம் பகுதியில் மூத்த பாடகர் வாத்தியக் குழுவை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, கிதார் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு பாடல்களைப் பாடினார். அதே அரங்கு, அதே ஒலிபெருக்கிகள், அதே இருக்கை. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. லகரமும் ளகரமும் ழகரமும் பிரிந்து கேட்டன. சரணத்தின் முடிவில் அவர் சேர்த்த சிறு சங்கதிக்குச் சுற்றியிருந்தவர்கள் வாய்விட்டு ஆகா என்றார்கள். அந்த எட்டு நிமிடங்களுக்காக மட்டுமே நான் இந்த நிகழ்ச்சியைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன். குழு திரும்பியதும் ஒலியளவு பழைய உயரத்துக்கே போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்த சிறுவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தந்தையின் மடியில் படுத்துவிட்டான். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், காதடைப்பான்களும் காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடமும் கிடைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தைகளோடு குடும்பங்கள் வரும் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இது கட்டாயம் பொருந்தும்.

அமைப்பாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே. ஒலிக்கலவை மேசையில் அமர்பவர் அந்தப் பாடல்களை முன்பே கேட்டறிந்தவராக இருக்கட்டும். எந்த இடத்தில் குழல் வரும், எந்த இடத்தில் வயலின்கள் எழும் என்று தெரியாதவர் அவற்றை எப்படி முன்னே கொண்டுவருவார்? அடுத்து, காலி அரங்கில் செய்த ஒலிச் சோதனையையே முடிவென்று வைத்துக்கொள்ளவேண்டாம். கூட்டம் நிறைந்ததும் மனித உடல்கள் ஒலியை உள்வாங்குவதால் அரங்கின் குணமே மாறும். முதல் இரண்டு பாடல்களுக்குள் யாராவது மேல் தளம்வரை நடந்துவந்து கேட்டிருந்தால், அந்த மாலையின் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

மூன்றாவது கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு 20 வெள்ளி. நாற்காலிகள் எண்பதுக்கு மேல் இரா. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலும் பாஸ்கர் கலைக் கழகம் 1952இலும் தோன்றியவை. இப்படி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கற்றுக்கொடுத்தவர்களின் உழைப்பு, இன்று பள்ளியும் பணியும் போக மீதி நேரத்தில் சாதகம் செய்து மேடையேறும் இளைஞர்களாக நம் முன் அமர்ந்திருக்கிறது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அந்தப் பெண்ணுக்கு மேல் ஸ்தாயி எளிதாக வருகிறது. காம்போதி ஆலாபனையை இன்னும் சற்று விரித்திருக்கலாம். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் காலப்பிரமாணம், அதாவது வேகம், மெல்ல மெல்ல ஓடிவிட்டது. ஒவ்வொரு உருப்படிக்கு முன்பும் சாகித்தியத்தின் பொருளைத் தமிழில் இரண்டே வரிகளில் சொன்னது மிக நல்ல வழக்கம். பெரியவர்களும் இதைப் பின்பற்றலாம்.

முதல் பாட்டில் மைக் ஊளையிட்டது. ஒலிக்கலவை மேசையில் இருந்தவர் அவர்களுடைய நண்பர். அவரும் மிருதங்கம் கற்பவர். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்கென வைத்திருந்த பெட்டியின் அளவை முதலில் குறைத்தார். பிறகு எழுந்து பின்சுவர்வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்து வயலினைச் சற்று உயர்த்தினார். மூன்றாம் உருப்படிக்குள் ஒலி சீராகிவிட்டது. பெரிய அரங்கில் யாராவது செய்யமாட்டார்களா என்று நான் ஏங்கிய அந்த நடையை, இங்கே இருபது வயதைத் தாண்டாத மாணவர் யாரும் சொல்லாமலே செய்தார்.

முடிவில் வடையும் தேநீரும் வைத்திருந்தார்கள். மிருதங்கம் வாசித்த தம்பியிடம், இந்த ஊர்க் காற்றில் சுருதியை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, குளிரூட்டியைப் போடச் சொல்லி, உறையைக் கழற்றி மேடையிலேயே வைத்துவிடுவதாகவும், இடந்தலையில் பூசிய ரவை காயாமலிருக்க ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அடுத்த கச்சேரியும் அதே கூடத்தில்தான் நடக்கவிருக்கிறது. 20 வெள்ளியை அப்போதே கொடுத்து, மூன்றாம் வரிசையில் நடு நாற்காலியைக் கேட்டுவைத்திருக்கிறேன்.