கோத்தகிரிக்கு ஒரு பழைய மின்சார கார்: இப்போதா, இரண்டு வருடம் கழித்தா?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். 2012-ல் வாங்கிய பெட்ரோல் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோவையில் ஒரு 2021 நெக்ஸான் ஈவி, டாடாவின் மின்சார கார், ஏழேகால் லட்சம் சொல்கிறார்கள். குன்னூரில் இருக்கும் மச்சானும் அதே மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: இப்போதே எடுப்பதா, பொறுப்பதா? உட்கார்ந்து கணக்குப் போட்டால் எனக்கு ஒரு விடையும் அவருக்கு வேறொரு விடையும் வருகிறது.

முதலில் மலை ஏறும் கணக்கு. பேட்டரியின் அளவை நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டிலேயே பேசலாம், இரண்டும் ஒன்றுதான். 2020 ஜனவரியில் வந்த அந்த முதல் நெக்ஸான் ஈவிக்கு 30.2 யூனிட் பேட்டரி. சோதனைக் கணக்கில் 312 கிலோமீட்டர் என்றார்கள். சமதளத்தில் 200 கிடைத்தால் நல்லது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800. நான்கு பேரோடு 1,650 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே ஏறக்குறைய ஆறரை யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவது, 33 கிலோமீட்டர் ரோட்டின் உராய்வு எல்லாம் சேர்த்தால் பத்து, பதினொன்று. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வர இன்னொரு நாலரை. ஆக, கோவையில் முழு சார்ஜோடு கிளம்பினால் வீட்டு வாசலில் பாதி மிச்சம் இருக்கும். பேட்டரி பத்து சதவீதம் தேய்ந்திருந்தாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், அவ்வளவுதான். வழியில் மாட்டிக்கொள்வோமோ என்று வீட்டில் இருந்த பயம் இந்தக் கணக்கைப் பார்த்ததும் போய்விட்டது.

இறங்கும்போது இதற்கு நேர்மாறு. உருண்டு இறங்கும் வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி இரண்டு மூன்று யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் மலையில் வீடு இருப்பவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு, அதை சமதளத்துக்காரர்கள் யாரும் சொல்லித் தருவதில்லை. இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டு, காலையில் நேராக இறங்க ஆரம்பித்தால், பேட்டரியில் இடமே இல்லை. வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்த மோட்டார் பிடிமானம் அப்போது கிடைக்காது. இரண்டாவது கியரில் இறங்கு என்று நாம் பழகியது போல இதில் கியரும் இல்லை. மொத்த எடையும் பிரேக் மேல்தான் விழும், குஞ்சப்பனை வருவதற்குள் பிரேக் சூடாகிவிடும். அதனால் கோவை போகிற நாளில் 85 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதை இந்த வண்டி வாங்கும் ஒவ்வொரு மலைக்காரரும் மனதில் வைக்க வேண்டும். இந்த நெக்ஸானில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அவ்வப்போது முழுக்க நிரப்பினால்தான் அதன் மீட்டர் சரியாகக் காட்டும். அதை மலையை விட்டு இறங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, பணம். நான் மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இந்த வளைவுகளில் என் பழைய கார் லிட்டருக்கு 12 கொடுக்கிறது. பெட்ரோலுக்கு மாதம் 7,500 போகிறது. மின்சாரத்தில் அதே ஓட்டத்துக்கு சுவரிலிருந்து 150 யூனிட் எடுக்கும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 1,200. இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடுவதால் 500-ஐத் தாண்டி ஸ்லாப் மாறும், அதனால்தான் எட்டு என்று வைத்தேன். மாதம் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம், இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பழைய காரை விற்றது போக கையிலிருந்து போடும் பணத்துக்கு பாங்க் வட்டியைக் கழித்தால் அதில் பாதிதான் தேறும். அதே நேரம் இதே 2021 வண்டி இரண்டு வருடம் கழித்து இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆக, வெறும் பணத்தை மட்டும் பார்த்தால் காத்திருப்பது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை.

எனக்குத் தட்டு சாய்ந்தது வேறு இரண்டு விஷயங்களில். ஒன்று வாரண்டி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. 2021 வண்டிக்கு அது 2029 வரை. இன்று எடுத்தால் மிச்ச வருடங்கள் என் கையில் இருக்கும். இரண்டு வருடம் பொறுத்து அதே வண்டியை எடுத்தால், விலை குறைந்த வண்டியோடு குறைந்த பாதுகாப்பும் சேர்ந்து வரும். இரண்டாவது, என் பெட்ரோல் காருக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டணம். அதற்கு முன் எஃப்.சி.க்குத் தயார் செய்ய பட்டறைச் செலவு அதைவிட அதிகம் ஆகும். போதாக்குறைக்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 வண்டி அதற்காகச் செய்ததல்ல. பொறுத்திருப்பது என்றால் இந்தச் செலவையும் தாங்கிக்கொண்டுதான்.

இதே பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன மின்சார கார் வாங்கலாமே என்று அக்கா கேட்டார். டியாகோ ஈவியின் ஆரம்ப வகை ஷோரூம் விலையே எட்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. அதன் பேட்டரி 19.2 யூனிட். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறவே ஒன்பது போய்விடும், கிட்டத்தட்ட பாதி. கோவையில் ஆஸ்பத்திரி, கடை என்று சுற்றிவிட்டுத் திரும்பும் நாளில் மனம் மீட்டரிலேயே இருக்கும். கோத்தகிரிக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அருமையான வண்டி, எனக்கு இல்லை.

பொறுப்பதற்கு உண்மையிலேயே வலுவான காரணம் ஒன்றே ஒன்று: 40, 45 யூனிட் பேட்டரி உள்ள வண்டிகள் பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. 2022 மே மாதம் வந்த நெக்ஸான் மேக்ஸில் 40.5. இரண்டு வருடத்தில் இவை என்னைப் போன்றவர்களின் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். ஊட்டியில் குடியிருந்தால் நான் இதற்காகவே பொறுப்பேன். சுமார் 2,240 மீட்டர் உயரம், ஜனவரியில் உறைபனி. குளிரில் இந்த வகை பேட்டரி மந்தமாகும், ஹீட்டரும் அதே பேட்டரியிலிருந்துதான் ஓட வேண்டும். ஆனால் புது வண்டிகளுக்கு இப்போது விளம்பரப்படுத்தும் ஆயுள் வாரண்டியை நம்பிப் பொறுக்க வேண்டாம். எம்.ஜி.யின் வின்ட்சர் ஈவிக்கு அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவர் வீடு ரோட்டிலிருந்து எழுபது படி கீழே. கார் மேலே ரோட்டோரம் நிற்கிறது. "மாப்ள, வண்டி எனக்கும் பிடிச்சிருக்கு. வயர எங்க இருந்து இழுக்கறது?" என்று கேட்டார். 15 ஆம்பியர் சாக்கெட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் ஏற்ற வேண்டிய வண்டிக்கு, மழையிலும் பனியிலும் படி வழியே எக்ஸ்டென்ஷன் இழுப்பது ஆபத்து. அதைச் செய்யவே கூடாது. பொது சார்ஜரை மட்டும் நம்பினால் செலவும் கூடும், சீசனில் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்கவும் வேண்டும். குன்னூரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. ரோட்டு மட்டத்தில் ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைக்கும்வரை அவர் பொறுக்கட்டும். அவரிடமும் அதையே சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. நான் முதலில் போய்ப் பார்த்த ஒரு விற்பனையாளர், திரையில் தெரிந்த "240 கி.மீ." என்ற எண்ணைக் காட்டியே பேட்டரி புத்தம் புதுசு என்றார். அந்த எண் கடைசியாக ஓட்டியவரின் கால் எப்படி என்பதைத்தான் சொல்லும். நான் இரண்டாவது வண்டியில் செய்தது இது: 20 சதவீதத்தில் நிறுத்தி, ஒரு சின்ன மின் மீட்டர் வழியாக 100 வரை மெதுவாக ஏற்றச் சொன்னேன். பேட்டரி நன்றாக இருந்தால் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 26, 27 யூனிட் ஓட வேண்டும். 25 ஓடியது. அஞ்சு வருடம் கோவை வெயிலில் நின்ற வண்டிக்கு அது எனக்கு ஏற்புடையதாக இருந்தது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையும் கேட்டு வாங்கினேன், வாரண்டி என் பெயருக்கு மாறும் என்பதையும் எழுத்தில் வாங்கினேன்.

ஒரு குறை எனக்குத் தெரிந்தே எடுக்கிறேன். பழுது என்றால் கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் யாரும் இதில் கை வைக்க மாட்டார்கள். லாரியில் ஏற்றி கோவைக்கு இறக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் ஒன்றிரண்டு நாள் போவதும் இங்கே வழக்கம். அந்த மாதங்களில் எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருப்பது என்று முடிவு.

முன்பணம் கொடுத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, அப்பா காலத்து வீட்டில் எர்த் சரியில்லை, இப்படியே போட்டால் சார்ஜர் ஏற்றவே மறுக்கும் என்றார். ஷெட்டுக்குப் பின்னால் புதுக் குழி தோண்டி, தனி வயரும் எம்.சி.பி.யும் போட்ட பிறகுதான் வண்டி மேலே ஏறும்.